மலைப் பக்கத்துக் கதவு

என் அம்மா வீடு வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பின் கதவு ஒன்று வேண்டும் என்றுதான் கேட்டாள். கதவு மட்டும் தனியாகக் கட்டித் தர முடியாது என்பதால் அப்பா வீடும் கட்ட வேண்டியதாயிற்று. யாராவது கேட்டால் இந்தக் கதையை நான் இப்படிச் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பிப்பேன். முடிக்கும்போது சிரிப்பு வருவதில்லை.

லயத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். லயம் என்பது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. எங்கள் தோட்டத்து லயம் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியது. இந்தப் பக்கம் காம்பரா என்கிற அறை பன்னிரண்டு, அந்தப் பக்கம் பன்னிரண்டு காம்பரா, நடுவில் ஒரே சுவர். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதற்கு முன்னால் அடுப்பு எரிய இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் தாழ்வாரம், போக வர ஒரே ஒரு கதவு. பின்பக்கம் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. எங்கள் பின்பக்கம் இன்னொருவரின் வீடு.

எனக்கு மூன்று வயதாக இருந்தபோது, ஒரு சம்பள நாள் சாயங்காலம், ஐந்து காம்பரா தள்ளி இருந்த ஒருவர் குடித்துவிட்டு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்தார். தன் பெண்சாதியை வெட்டுவதற்காக வந்தவர், எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருந்ததால் எங்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார். உள்ளே அம்மாவும் நானும் மட்டும். அரை மணி நேரம் அவர் வாசலை மறித்துக்கொண்டு வேறொரு பெண்ணின் பெயரைச் சொல்லித் திட்டினார். அம்மா என்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அவருக்கே சந்தேகம் வந்து, "இது எங்க வூடு இல்லியே?" என்று கேட்டுவிட்டுப் போனார். லயம் முழுக்க இதை வருடக்கணக்கில் சொல்லிச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நானும் பெரியவளானதும் சிரித்தேன். அதற்கு அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

"வாசல்ல ஒருத்தன் வந்து நின்னுட்டா நான் எங்கிட்டுப் போறது?" என்பாள். வேறு விளக்கம் சொல்ல மாட்டாள்.

அப்பா கான் கங்காணி. தேயிலை மலையில் மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கக் குறுக்கே வெட்டும் வாய்க்கால்தான் கான். அதை வெட்டுகிற ஆட்களை மேய்ப்பது அப்பாவின் வேலை. முப்பது வருடம் செய்தார். எந்த மண் நிற்கும், எந்த மண் வழுக்கும் என்று காலால் மிதித்தே சொல்லிவிடுவார். தோட்டத்துத் துரையே அவரைக் கூப்பிட்டுக் கேட்பார் என்பதில் அவருக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

அதுவரை நாடற்றவராக இருந்த அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த பிறகு, எழுபதுகளின் கடைசியில், பதுளையிலிருந்து மேலே ஏறும் ரோட்டின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். துண்டு என்றால் நிஜமாகவே துண்டு. முன்னால் ரோடு, பின்னால் மலை, நடுவில் ஒரு பட்டை. மலைக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தேயிலை. "வீட்டுலேருந்து கையை நீட்டுனா கொழுந்து பறிக்கலாம்" என்று பெருமை பேசினார். எனக்கு அப்போது இருபது வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தேன். வாய் கொஞ்சம் நீளம். "கொழுந்து தானா வந்து கூடையில விழாம இருந்தா சரி" என்றேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

வீடு கட்ட வந்த பாஸ், அதாவது கொத்தனார், அடுத்த கிராமத்துச் சிங்களவர். ஒல்லியான மனிதர். ஒரு சாக்குப் பையில் ரசமட்டம், கரண்டி, தூக்குக்குண்டு எல்லாம் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். அந்தப் பை இல்லாமல் நான் அவரைப் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் அவர் ஒரு குச்சியால் தரையில் வீட்டைக் கீறினார். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். லயத்து ஆட்களிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா கருங்கல் அத்திவாரம் கேட்டார். நான் கண்ணாடி போட்ட ஜன்னல் கேட்டேன், ரோட்டைப் பார்க்கிற மாதிரி. அம்மா பின் கதவு கேட்டாள்.

பாஸ் குச்சியைக் கீழே வைத்தார். பின்சுவர் வரும் இடத்திலேயே மலை ஆரம்பித்துவிடுகிறது. கதவு வைத்தால் வெளியே இறங்க இடம் வேண்டும், நிற்க ஒரு முற்றம் வேண்டும். அதற்கு மலையை வெட்டியாக வேண்டும். நிலம் ஒடுக்கமாக இருந்ததால் சாய்வாக வெட்ட வழியில்லை. இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாகத்தான் வெட்ட வேண்டும்.

"கங்காணி ஐயா, இது வெட்ட வேணாங்," என்றார் பாஸ். "மலை சும்மா படுத்திருக்குது. நாங்க ஏன் எழுப்புறது?"

"எனக்குத் தெரியாதா பாஸ்? செங்குத்தா வெட்டாத, சாச்சு வெட்டுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான்," என்ற அப்பா, அம்மாவைப் பார்த்தார். "முன்னுக்கே ரெண்டு கதவு வச்சித் தாறேன், போதுமா?"

"ரெண்டும் ஒரே பக்கம்னா எனக்கு எதுக்கு?" என்றாள் அம்மா.

ஒற்றைக் காலில் நின்றாள். இரண்டு வாரம் வேலை நின்றது. கடைசியில் அப்பாதான் இறங்கி வந்தார். தனக்குத் தெரிந்ததையெல்லாம் மறந்துவிட்டு, அலவாங்கும் மம்பட்டியும் எடுத்துக்கொண்டு தன் கையாலேயே வெட்டினார். வேறு ஆளை வைத்து வெட்டினால் நாளைக்குத் தோட்டத்தில் கதை பரவும் என்ற வெட்கமும் இருந்திருக்கும். வெட்டி முடித்த மண் செக்கச் செவேலென்று, தோல் உரித்த ஆட்டைப் போல நின்றது. அதற்குக் கீழே நிற்பது ஆபத்து என்று எனக்குப் பட்டது. இதை அன்றே சொன்னேன். யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

வெட்டியதும் அப்பா செய்த அடுத்த வேலையை இங்கே சொல்ல வேண்டும். மண்மேட்டின் உச்சியில், விளிம்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி, கயிறு பிடித்து ஒரே நேர்கோட்டில் பன்னிரண்டு முளைக்குச்சிகள் அடித்தார். தலையில் சுண்ணாம்பு பூசினார். மண் உள்ளுக்குள் நகர ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் குச்சி கோட்டை விட்டு விலகும். மேலே ஏறிப் பார்க்க வசதியாக, மேட்டின் ஒரு மூலையில் பத்தொன்பது படி வெட்டி, மரக்கட்டை வைத்து இறுக்கினார். அன்றிலிருந்து தினமும் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போவதற்கு முன் படியேறி, முதல் குச்சியின் பக்கத்தில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடைசிக் குச்சி வரை பார்ப்பார். இறங்கி வந்து, "நேரா இருக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் தேத்தண்ணி.

கதவுக்குச் சாமான் வாங்க அம்மாவும் நானும் பதுளை பஜாருக்குப் போனோம். இரும்புக் கடை முதலாளி இரண்டு தாழ்ப்பாள்களை எடுத்து வைத்து, பெரியதை, "இது முன் கதவுக்கு" என்று தள்ளினார்.

"இல்லீங்க, பெருசு பின் கதவுக்கு," என்றாள் அம்மா.

"என்னம்மா, கள்ளன் பின்னுக்காலயா வாறான் ஒங்க ஊட்டுக்கு?" என்று அவர் சிரித்தார். அம்மா தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பூட்டுவதற்கு எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. எவ்வளவு சுலபமாகத் திறக்கிறது என்றுதான் பார்த்தாள். அதைப் பல வருடம் கழித்துத்தான் நான் யோசித்தேன்.

பால் காய்ச்சிய அன்று பால் பின் கதவுப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அப்பா வெளியே போய் மேட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

முதல் மழைக்காலம் ஐப்பசியில் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் விடாது பெய்யும். இரவும் பகலும் தகரக் கூரையில் மழை. மழைக்கு நடுவில் ஒரு தனிச் சத்தம், 'டொக்' என்று. மேட்டிலிருந்து மண்கட்டி ஒன்று பிரிந்து கூரையில் விழுவது. அடுத்த சத்தம் எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். நான் பாதிச் சோற்றில் கையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்பாவும் மெல்லுவதை நிறுத்தியிருப்பார். அம்மா மட்டும், "சாப்பிடுங்க, ஆறிப் போகுது" என்பாள்.

மலையை நாங்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். மண்ணில் ஒரு கீறல் தெரிந்தால் அப்பா களிமண் பிசைந்து அடைப்பார். பின்சுவரில் ஈரம் பூத்தால் நான் கரித்துண்டால் அதைச் சுற்றிக் கோடு போட்டு, மறுநாள் வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஆக, வீட்டுக்குள் ஒருவருக்கும் ரோட்டைப் பார்க்க நேரமிருக்கவில்லை.

ரோட்டிலும் ஏதோ இருந்தது. ஒரு நாள் பட்டப்பகலில், லொறி ஒன்றில் கூச்சல் போட்டுக்கொண்டு போனவர்கள் எறிந்த கல் என் ஜன்னலில் ஒரு கண்ணாடியை உடைத்தது. "குடிகாரப் பயலுக" என்று சொல்லி அப்பா அந்த இடத்தில் ஒரு பலகையை அடித்தார். இன்னொரு நாள் யாரோ எங்கள் வாசல் படலையில் தாரால், ஓட்டுச் சீட்டில் போடும் பெருக்கல் குறி போல, ஒரு புள்ளடி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தேர்தல் ஆட்களாக இருக்கும் என்று அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள். எனக்கு இன்று அந்தப் புள்ளடி சொப்பனத்தில் வருகிறது. அன்று அதைப் பற்றி அரை நாள் கூட நான் பேசவில்லை.

மூன்றாவது மழைக்காலத்தில், மார்கழியில், மேட்டின் கீழ்ப்பகுதி சரிந்தது. பெரிய சரிவு இல்லை. முழங்கால் உயரத்துக்குச் சேறு வந்து பின் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. உச்சிக் குச்சிகள் அசையவில்லை, அடிப்பக்கம் மட்டும் வழிந்திருந்தது. அம்மா கதவை உள்ளே இழுத்துத் திறந்தபோது சேறு அடுப்படிக்குள் வந்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மம்பட்டியால் அள்ளி அள்ளிக் கொட்டினாள். ஒரு பகல் முழுக்க அள்ளினாள்.

அன்றைக்குத்தான் நான் கத்தினேன். "இந்தக் கதவுதான் நம்ம மூணு பேரையும் உயிரோட பொதைக்கப் போவுது. ஒங்க ஒரு பைத்தியத்துக்கு அப்பா மலையையே வெட்டிப்புட்டாரு. இத மூடுங்க! கல்ல வச்சி மூடுங்க!"

அம்மா மம்பட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ படிச்சவ. ஒனக்கு எல்லாம் தெரியும்," என்றாள். பிறகு பத்து நாள் என்னோடு பேசவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக்கூடப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

நான் விடவில்லை. தினமும் அப்பாவை அரித்தேன். மேட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் இருக்கும் முற்றத்தைக் கருங்கல் வைத்து நிரப்பி, கதவையும் சேர்த்து அடைத்துவிட்டால், கல் மேட்டைத் தாங்கிக்கொள்ளும். அதுதான் சரியான வேலை. அப்பாவுக்கும் அது தெரியும். பாஸும் அதையே சொன்னார். கடைசியில் அப்பா சரி என்றார். பாஸுக்குக் கைநிறைய வேலை. "ஆடி மாசம் வாறேன். மழ இல்ல, மண்ணு காஞ்சிருக்கும்," என்றார். இரண்டு டிராக்டர் கருங்கல் வந்து இறங்கியது. பின்னால் கொண்டுபோக வழியில்லாததால் வீட்டு முன்னால், ரோட்டோரத்தில் குவித்தார்கள். அம்மா அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டு போவாள், வருவாள். அதன் பக்கம் திரும்ப மாட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

ஆடி வந்தது. எண்பத்துமூன்றாம் ஆண்டு. எங்கள் ஊவா மாகாணத்தில் ஆடி காற்று மாதம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், மண் வெடித்துக் கிடக்கும், மலையைப் பற்றிப் பயமே வேண்டாம். வருடத்தில் நாங்கள் நிம்மதியாக மூச்சு விடுகிற மாதம் அதுதான். திங்கட்கிழமை வருவதாகச் சொன்ன பாஸ் வரவில்லை. கொழும்பில் கலவரம், ஊரடங்கு என்று ரேடியோ சொன்னது. அடிபடுவது தமிழ்ச் சனம் என்று அது சொல்லவில்லை. பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள்.

"கொழும்புலதானே," என்றார் அப்பா.

புதன்கிழமை காலையிலும் படியேறிக் குச்சிகளைப் பார்த்துவிட்டு வந்து, "நேரா இருக்கு" என்றார்.

மத்தியானத்துக்குப் பிறகு பதுளைப் பக்கமாகப் புகை எழும்பியது. முதலில் யாரோ மானாப்புல்லுக்குத் தீ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். பிறகு புகை கறுப்பாகி, ஒன்று இரண்டாகி, இரண்டு பலவாகியது. அம்மா முன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ரோட்டு வளைவில் பாஸ் வந்தார். வேகமாக நடந்து வந்தார். தோளில் பை இல்லை.

"பை இல்லாம வாறாரு," என்றாள் அம்மா. அவள் குரல் மாறியதை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

பாஸ் படலைக்கு வெளியிலேயே நின்றார். "முன் கதவப் பூட்டுங்க. பின்னுக்காலப் போங்க. இப்பவே. மேலே தேயிலைக்குள்ள போங்க."

"எத்தன பேரு பாஸ்?" என்றார் அப்பா.

"கேக்க வேணாங். போங்க ஐயா."

"நீங்க?"

"நான் வேலைக்கு வந்ததுதானே. இங்க நிக்கிறேன்," என்று கருங்கல் குவியலின் பக்கத்தில் போய் நின்றார்.

அம்மா முன் கதவை உள்ளே தாழிட்டாள். எதையும் எடுக்கவில்லை. நான்தான் புத்தகம், சேலை என்று தடுமாறினேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பெரிய தாழ்ப்பாள் ஒரே இழுப்பில் திறந்தது. அப்பா குச்சிகளைப் பார்ப்பதற்காக வெட்டிய பத்தொன்பது படிகளில் நாங்கள் ஏறினோம். கடைசியாக வந்த அம்மா, வெளியே ஏதோ வேலைக்குப் போகிறவளைப் போல, பின் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

தேயிலைச் செடிகளுக்குள் குப்புறப் படுத்தோம். கீழே லொறிச் சத்தம், கூச்சல். பாஸின் குரல் ஒரு தரம் கேட்டது. என்ன சொன்னார் என்று விளங்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு கண்ணாடி உடைந்தது. என் ஜன்னல். தொடர்ந்து கதவில், சுவரில், தகரத்தில் கல் விழ ஆரம்பித்தது. ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது, முடியவே இல்லை. இவர்களுக்கு இவ்வளவு கல் எங்கிருந்து கிடைத்தது என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் தெரிந்துவிட்டது. பின் கதவை மூட நான் அழுது அடம்பிடித்து வரவழைத்த கல். என் வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டார்கள், புகை மேலே வந்தது. பாஸ் திங்கட்கிழமையே வந்து வேலையை முடித்திருந்தால், அந்தக் கல்லுக்கும் நெருப்புக்கும் நடுவில் நாங்கள் மூன்று பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருப்போம். அம்மா என் பிடரியில் கை வைத்து அழுத்தினாள், தலையைத் தூக்காதே என்று.

மூன்று வாரம் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தோம். கூரை இல்லை. தகரம் சுருண்டு தரையில் கிடந்தது. முன்சுவர் பாதி விழுந்துவிட்டது. பின் கதவு எரிந்து, நிலை மட்டும் கரியாக நின்றது. அப்பா வீட்டுக்குள் போகவில்லை. நேராகப் படியேறிப் போய் முதல் குச்சியின் பக்கத்தில் குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பன்னிரண்டு குச்சியும் அப்படியே நின்றன.

"நேரா இருக்கு," என்றார். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் அம்மாவிடம் போனேன். "நான்தான் மூடச் சொன்னேன்," என்றேன்.

"சொன்ன. மூடலயே," என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. பாஸைத் தேடி அவருடைய கிராமத்துக்குப் போக அப்பாவுக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம். எனக்கும் அதே பயம்தான்.

அடுத்த வாரம் தோட்டத்தில் எங்களுக்கு மறுபடி ஒரு காம்பரா கொடுத்தார்கள். பழைய லயம், வேறு கோடி. சாமான் என்று எதுவும் இல்லாததால் குடிபோக நேரம் எடுக்கவில்லை. அப்பா இஸ்தோப்பில் அடுப்புக்குக் கல் வைத்தார். அம்மா உள்ளே போய்ப் பின்சுவரின் முன்னால் நின்று, விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கத்துக் காம்பராவிலிருந்து யாரோ, தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, திருப்பி இரண்டு தடவை தட்டினார்கள். அம்மா சுவரில் முதுகைச் சாய்த்து, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.